நான்காவது துண்டில் அந்தச் சிம்பல்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "உங்க ஆல்பம் கேட்டேம்மா. நல்லாருக்கு. ஆனா அந்த நாலாவதுல ஒரு சிம்பல் வருது பாருங்க, அது கொஞ்சம் ஓவர். யாரோ தகரத்தைப் போட்டுத் தேய்க்கிற மாதிரி." எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும் போல. உடனே "தப்பா எடுத்துக்கிடாதீய" என்று சேர்த்தார். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

அவர் சொன்னது சரி என்பதுதான் எரிச்சல். டிரம்ஸின் அந்தப் பித்தளைத் தட்டு, அந்தச் சிம்பல், அங்கே இருக்கவே கூடாது. கேட்கத் தெரிந்த எவரும் அதைச் சொல்வார்கள், சொல்லியும் இருக்கிறார்கள். தெரிந்தே அதை அங்கே விட்டுவைத்தவள் நான். ஏன் என்று யாரிடமும் சொல்ல முடியாமல் எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லலாம் என்று அனுமதி கிடைத்துவிட்டது.

நாங்கள் மூன்று பேர். பியானோ நான். தூத்துக்குடியில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு இரும்புக்கடை. ஆணி, கம்பி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் கிடைக்கும். கல்லாவில் நான் உட்கார்ந்திருப்பேன். கான்வென்ட் பள்ளியில் படித்தபோது சிஸ்டர்களிடம் பியானோ கற்றுக்கொண்டேன். பிற்பாடு அந்தப் பள்ளி தன் பழைய பியானோவைக் கழித்துக்கட்டியபோது அதை நான் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கடல் காற்றில் அதன் கம்பிகள் துருப்பிடிக்கும். துருவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சுருதி சேர்க்க வெளியூரிலிருந்து ஆள் வருவார், ஒவ்வொரு தடவையும் என்னைத் திட்டிவிட்டுப் போவார்.

பேஸ் கிட்டார் வாசிப்பவர் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறார். என்னைவிட மூத்தவர். நாள் முழுக்கக் கண்டெய்னர்காரர்களோடு போனில் கத்துவதாலோ என்னவோ, மற்ற நேரங்களில் பேசவே மாட்டார்.

டிரம்ஸ்காரன் கடற்கரைத் தெருப் பையன். பையன் என்றால் முப்பது தாண்டியவன். கப்பலில் இஞ்சின் ரூமில் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. ஒரு தடவை லீவில் வந்தபோது, கப்பலில் இருந்த பிலிப்பினோ சமையல்காரர் கொடுத்தார் என்று ஒரு ஹார்ட் டிஸ்க் கொண்டுவந்தான். அது நிறைய ஜாஸ். பியானோ, பேஸ், டிரம்ஸ், இவ்வளவுதான், பாட்டு பாட ஆள் கிடையாது. அதுவரை நாங்கள் மூவரும் ரிசப்ஷன்களில் சினிமாப் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தோம். அதைக் கேட்ட பிறகு ரிசப்ஷன் மேடையில் ஏறவே எனக்கு வெறுப்பாக இருந்தது. அவன் லீவில் வரும்போதெல்லாம் என் வீட்டில் கூடி வாசிக்க ஆரம்பித்தோம்.

நாங்கள் வாசித்த விதத்தை ஊருக்கு விளக்குவதற்குள் என் பாதி ஆயுசு போய்விட்டது. மெட்டு முன்கூட்டியே கிடையாது. யார் தொடங்குவது என்றுகூடப் பேச மாட்டோம். ஒருவர் ஒன்று வாசிப்பார், மற்ற இருவரும் அதைக் கேட்டு பதில் வாசிப்போம், அந்தந்த நிமிடத்தில் அது தானாக ஒரு உருவம் எடுக்கும். "கச்சேரியில ஸ்வரம் பாடுவாங்களே, அது மாதிரியா?" என்று கேட்பார்கள். "அது மாதிரிதான், ராகத்தையும் தாளத்தையும் எடுத்துட்டா" என்பேன். "அப்ப மிச்சம் என்ன இருக்கு?" என்பார்கள். கடைக்கு வரும் ஒரு கொத்தனார், "தெரியாம வாசிக்கிறதுக்கு ஸ்டுடியோ எதுக்குக்கா?" என்று கேட்டார். அவருக்கு அன்றைக்குக் கட்டுக்கம்பி தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆல்பம் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். காரணம் அவனுடைய காது. இஞ்சின் ரூம் சத்தத்தில் அவனுக்கு இடது காது பாதி போயிருந்தது. காதுக்கு மூடி கொடுப்பார்களாம், அந்தச் சூட்டில் வியர்த்து வழுக்கிவிடுமாம். வாசிக்கும்போது பேஸ்காரரை எப்போதும் தன் வலது பக்கம் நிற்கச் சொல்வான். இன்னும் இரண்டு மூன்று கப்பல் போனால் வலதும் போகும். "ஏலே, இதோட நிறுத்திரு, இங்கனயே ஏதாவது பாரு" என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். சிரிப்பான். "டிரம்ஸ் அடிக்கவனுக்கு யாருக்கா பொண்ணு குடுப்பா?" என்பான். அவன் அப்பா கப்பல், சித்தப்பா கப்பல், அண்ணன் கப்பல். கப்பலுக்குப் போகாத ஆம்பிளை அந்த வீட்டில் உப்புக்குச் சப்பாணி. ஒவ்வொரு தடவையும் வீடே திரண்டு அவனை ரயிலேற்றிவிடும், அவனும் பல்லெல்லாம் தெரியக் கையசைப்பான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவனை ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போல இருக்கும்.

ஆகவே அவனுக்குக் காது இருக்கும்போதே, அடுத்த கப்பலுக்கு முன், ஒரே நாளில் பதிவு செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். விதியும் நான் போட்டதுதான். எதையும் இரண்டாம் தடவை வாசிக்கக் கூடாது. வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது. பின்னால் வந்து எதையும் சேர்க்கக் கூடாது. இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஸ்டுடியோ மாதா கோயிலுக்குப் பின்பக்கச் சந்தில் இருக்கிறது. அதை நடத்தும் அண்ணாச்சி கோயில் கொடைப் பாட்டு, இயேசு பாட்டு, ஓட்டுக் கேட்கும் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாவற்றுக்கும் ஒரே அக்கறையோடு உழைப்பவர். காதுக்குள் ஒரு இடத்தையும் காலியாக விடக் கூடாது என்பது அவர் கொள்கை. இரண்டு வினாடி சும்மா இருந்தால் அங்கே ஒரு புல்லாங்குழலை வைத்துவிடுவார். என் பியானோவைக் குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம். லோடுமேன் ஒருவர் "பீரோ நல்ல கனம்க்கா" என்றார்.

ஏசி ஓடினால் மைக்கில் உறுமியது. அணைத்தால் வெந்துபோனோம். கடைசியில் அண்ணாச்சி பின்பக்க ஜன்னலை லேசாகத் திறந்துவைத்தார். மூவரும் ஒரே அறைதான், நடுவில் தடுப்பு கிடையாது.

முதல் இசைத் துண்டு முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணாச்சி குரல் வந்தது. "நல்லாருக்கு தங்கச்சி. பல்லவி எப்ப வரும்?"

"வராது அண்ணாச்சி."

"சரணம்?"

பேஸ்காரர் அன்று முதல் தடவையாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இரண்டாவதும் மூன்றாவதும் சுமார். குறை சொல்ல முடியாது, அவ்வளவுதான். நான்காவதில்தான் எங்களுக்குச் சூடு பிடித்தது. பேஸ் அடியில் மூன்று ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுற்றியது. டிரம்ஸ்காரன் தோலை மெல்லத் தேய்க்கும் கம்பி பிரஷ்ஷைப் போட்டுவிட்டுக் குச்சியை எடுத்தான். அவன் அன்று வாசித்த மாதிரி அதற்கு முன் வாசித்ததே இல்லை. என் இடது கையை அவன் துரத்திக்கொண்டே வந்தான். நான் வலது கையால் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் ஏறினால் எங்கேயோ போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று உடம்புக்குத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்துக் கோயிலில் மத்தியான மணி அடித்தது. இவன் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

அவர்கள் தெருவில் இது வழக்கம். காலை, மத்தியானம், சாயங்காலம், மூன்று வேளையும் மணி அடித்தால் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எழுந்து நின்று ஜெபம் சொல்வார்கள். அவன் அம்மா மீனைப் பாதி அறுத்தபடி கத்தியை வைத்துவிட்டு எழுவதை நானே பார்த்திருக்கிறேன். யோசித்துச் செய்கிற காரியமில்லை, தும்மல் மாதிரி அது பாட்டுக்கு வரும். குச்சியை வைத்தான், ஸ்டூல் கிரீச்சிட்டது, எழுந்து சிலுவை போட்டுக்கொண்டு தலையைக் குனிந்து நின்றான்.

எனக்கு வந்த கோபத்தில் கண் இருட்டியது. இரண்டாம் தடவை கிடையாது. போச்சு, எல்லாம் போச்சு. வலது கை மட்டும் மேலே தொங்கிக்கொண்டிருக்கிறது, அடியில் ஒன்றுமில்லை, இருட்டில் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி இருந்தது. பேஸ்காரர் ஒரே ஒரு ஸ்வரத்தைத் தட்டி அப்படியே நீள விட்டார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கட்டையை அழுத்தினேன். மணி மூன்று அடித்து ஓய்ந்தது. மறுபடி மூன்று. அந்த ஓய்வுகளுக்குள் இன்னொரு கட்டை, பேஸில் இன்னொரு ஸ்வரம். மணி முடிந்தது. ஸ்டூல் மறுபடி கிரீச்சிட்டது. அவன் விட்ட இடத்தில் தொடங்கவில்லை, பிரஷ்ஷை எடுத்து மிக மெதுவாக உள்ளே வந்தான். அப்படியே தணிந்து துண்டு முடிந்தது.

அவனைத் திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். "ஒரு தடவ கேட்டுட்டுத் திட்டு" என்றார் பேஸ்காரர். கேட்டோம். அந்த ஆல்பத்தில் அதுதான் உயிர். மூவரும் ஓடி வந்த ஓட்டம் சட்டென்று நின்று, மணியும் இரண்டு ஸ்வரமும் மட்டும் ஒரு வெட்டவெளியில் நிற்கின்றன. யோசித்துச் செய்ய முடியாத காரியம். எங்கள் மூன்று பேரின் வாழ்க்கையில் அப்படி ஒன்றை அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசிக்கவில்லை. அண்ணாச்சி, "மணியை மட்டும் எடுத்துருவோமா தங்கச்சி, மெஷின்ல வழி இருக்கு" என்றார். "தொட்டீயன்னா தொலைச்சிருவேன்" என்றேன்.

டிரம்ஸ்காரன் ஹெட்போனை வலது காதில் அழுத்திக்கொண்டு திரும்பவும் கேட்டான். கழற்றியபோது அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, இத விட்டுருவோம்."

"எதை?"

"இந்த நாலாவத. இல்லன்னா நான் நின்ன இடத்த மட்டுமாவது எடுத்துருங்க. அது பாட்டு இல்லக்கா. ஜெபம்."

"நீ நின்ன, நாங்க வாசிச்சோம். அது மூணு பேருதுலே. விதி தெரியும்லா?"

ஹெட்போன் வயரைச் சுருட்டிவைத்தான். பிறகு அந்த ரயிலடிச் சிரிப்பைச் சிரித்தான். "சரிக்கா" என்றான். மேலும் இரண்டு துண்டு வாசித்தோம். அந்த வாரமே அவன் கப்பலேறிவிட்டான்.

எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்து அண்ணாச்சி அனுப்பியபோது நான் கடையில் இருந்தேன். நேரே நான்காவதைப் போட்டேன். ஓட்டம் வந்தது. நின்றது. நின்ற இடத்தில் சளசளவென்று ஒரு சிம்பல், மணி மேலும் பேஸ் மேலும் என் கட்டை மேலும், அந்த இடம் முடியும்வரை கொட்டிக்கொண்டே இருந்தது. புல்லாங்குழல் செருகும் அண்ணாச்சி புத்தி போகவில்லை பார் என்று நினைத்தேன். கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியில் என்னென்ன திட்ட வேண்டும் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன்.

அண்ணாச்சி வடை தின்றுகொண்டிருந்தார். அடுக்கிவைத்த அத்தனையையும் கொட்டினேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றுகூடக் கேட்டுவிட்டேன். என் அப்பா வயதுக்காரர். அவர் கையிலிருந்த பாதி வடையை அப்படியே வைத்திருந்தார்.

"நான் ஒண்ணும் செய்யல தங்கச்சி. கப்பலுக்குப் போற அன்னைக்குக் காலைல அவனேதான் வந்தான். 'அண்ணாச்சி, இங்கன ஒரு சிம்பல் போட்டுக்கிடுதேன், அக்காட்ட சொல்லாதீய'ன்னான். அவனேதான் வாசிச்சான்."

எனக்கு இன்னும் ஏறியது. என் விதியை மீறி, எனக்குத் தெரியாமல், திருடன் மாதிரி வந்து! "அந்தச் சிம்பலை எடுங்க."

"வேண்டாம் தங்கச்சி."

"எடுங்கங்கேன்."

எடுத்தார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டச் சொன்னேன். மணி வந்தது, பேஸ் வந்தது, என் கட்டை வந்தது. அடியில் ஏதோ மூச்சுச் சத்தம். "அவன் மைக்கை மட்டும் வைங்க" என்றேன். அண்ணாச்சி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் ஜெபம், சிறு வயதிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்த வேகத்தில். அது முடிந்த பிறகும் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவன் உட்காரவில்லை. தன் சொந்த வார்த்தையில் பேசினான். குசுகுசுவென்றுதான், ஆனால் தலைக்கு மேல் மைக் இருந்தது.

"மாதாவே, இந்தத் தடவ என்னைய அனுப்பாத தாயே. அந்தச் சத்தத்துக்குள்ள திரும்ப விடாத. எதையாவது செஞ்சு நிறுத்திரு. கால ஒடிச்சாலும் சரி. கைய மட்டும் விட்டுரு."

பிறகு ஸ்டூல் கிரீச்சிட்டது. பிரஷ் உள்ளே வந்தது.

நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எவன் மேல் என்றுதான் தெரியவில்லை. பல்லைக் காட்டிக் கையசைத்து எங்களையெல்லாம் ஏமாற்றியவன் மேல் வந்தது. அந்தச் சிரிப்பை நம்பி மாலை மரியாதையோடு ரயிலேற்றிவிடும் அவன் வீட்டின் மேல் வந்தது. கப்பல்காரன் என்றால் நாற்காலி போடும், டிரம்ஸ்காரன் என்றால் பந்தலுக்குப் பின்னால் சோறு போடும் இந்த ஊரின் மேல் வந்தது. எனக்குச் சம்பந்தமே இல்லாத மாதா மேல்கூட வந்தது. அவள் கையை விட்டுவிட்டாள். காலையும் விட்டுவிட்டாள். இரண்டு காலோடும் இரண்டு கையோடும் அவன் நல்லபடியாகக் கப்பலேறிவிட்டான்.

"பேச்ச மட்டும் அழிக்க முடியாதா அண்ணாச்சி?" என்றேன்.

"பாத்துட்டேன் தங்கச்சி. ஒரே ரூம்லா. உன் மைக்லயும் கெடக்கு, பேஸ் மைக்லயும் கெடக்கு. அத எடுத்தா மணியும் போயிரும், உங்க வாசிப்பும் போயிரும். மூடத்தான் முடியும்." ஜன்னலைச் சாத்திவிட்டு, "அவன் அம்மா இதக் கேப்பால்லா" என்றார்.

அம்மா மட்டுமா, தெருவே கேட்கும். சிம்பலைத் திரும்பப் போடச் சொன்னேன். பேஸ்காரருக்குப் போன் செய்து, நான்காவதில் ஒரு சிம்பல் வரும், அது இருக்கட்டும் என்றேன். "விதி?" என்றார். "விதியாவது மண்ணாவது" என்றேன். அவர் "சரி" என்று போனை வைத்தார். நான் வாசித்ததிலேயே உருப்படியான ஒன்றை நானே மண் போட்டு மூடினேன்.

ஆல்பம் இணையத்தில் வந்தது. கேட்டவர்கள் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரில் பாதிப்பேர் சிம்பலைப் பற்றி எழுதினார்கள். முன்பின் தெரியாத ஒருவர், டிரம்ஸ் வாசிப்பவருக்கு மௌனத்தின் அருமை தெரியவில்லை என்று எழுதியிருந்தார். அதற்கு எழுதிய பதிலை அனுப்பாமல் அழித்தேன். கப்பலிலிருந்து அவன் ஒரு தடவை பேசினான். "கேட்டேன்க்கா, நல்லாருக்கு" என்றான். "ம்" என்றேன். அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த மாதம் லீவில் வந்திருக்கிறான். வந்த மூன்றாம் நாள் கடைக்கு வந்தான். இடது காது இப்போது முழுக்கப் போய்விட்டது. நான் பேசும்போது தலையைத் திருப்பி வலது காதைக் கொடுக்கிறான். டீ சொன்னேன். ஆணிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தான்.

"அண்ணாச்சி சொன்னாரு. நீங்க கேட்டீயளாமே?"

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லலியேக்கா."

"நீ சொன்னியாலே?"

சிரித்தான். இந்தத் தடவை பல் தெரியவில்லை. "இனிமே யார்ட்ட வேணாலும் சொல்லுங்க. எழுதணும்னாலும் எழுதுங்க. அம்மாட்ட நானே சொல்லிட்டேன். அடுத்த கப்பலுக்குக் கூப்பிட்டாச்சு, போகத்தான் போறேன்."

"அப்ப எதுக்குலே சொன்ன?" என்று கத்தினேன். அவன் டம்ளரை எடுத்து டீயை ஆற்ற ஆரம்பித்தான்.

அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது. ஒருவர் இரண்டு கிலோ ஆணி கேட்டார். நான் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தபோது மாதா கோயிலில் மத்தியான மணி அடித்தது. அவன் எழவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, மணி அடிக்குதுலே."

"கேக்குதுக்கா" என்றான். டீயைக் குடித்தான்.

என் கை ஆணியோடு அப்படியே நின்றுவிட்டது. "போடுங்கக்கா, நேரமாவுது" என்றார் வந்தவர்.

"மணி அடிச்சு முடியட்டும், பொறும்" என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.